சிறிய ஸ்டம்ப் கிரைண்டரால் மரத்தின் அடிக்கட்டையை அகற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி, ஓர் ஆள் தள்ளிக்கொண்டு போகக்கூடிய சிறிய ஸ்டம்ப் கிரைண்டரைப் பற்றியது. 7 முதல் 15 ஹெச்பி வரையிலான பெட்ரோல் என்ஜின், முன்னால் செங்குத்தாகச் சுழலும் இரும்புச் சக்கரம், அதன் விளிம்பில் கார்பைடு பற்கள், பின்னால் நீளமான கைப்பிடி. நம்மூர் வீட்டுத் தோட்டத்தில் வெட்டிய வேம்பு, பூவரசு, தென்னை போன்றவற்றின் கட்டைகளை மனதில் வைத்து எழுதுகிறேன்.

புதிதாக இதைத் தொடுகிறவர்கள் தடுமாறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் இரண்டே இடங்கள்தான். ஒன்று, கட்டையைச் சுற்றியுள்ள கல்லையும் கம்பியையும் எடுக்காமலேயே மெஷினை இறக்கிவிடுவது. இன்னொன்று, ஜேசிபி தோண்டுவதைப் பார்த்துப் பழகிய கண்ணோடு, இதையும் ஒரேயடியாக ஆழமாக அழுத்துவது. இந்த மெஷின் தோண்டாது, சீவும். தேங்காயைத் துருவியில் வைத்து இழைப்பது மாதிரி, மேலாகப் பக்கவாட்டில் சீவிச் சீவித்தான் கட்டை இறங்கும். இதை ஏற்றுக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

1. இந்தக் கட்டைக்கு இந்த மெஷின் சரிப்படுமா?

ஜேசிபி வந்து நிற்க இடமிருந்து, வேரோடு பெயர்த்தாலும் பக்கத்தில் எதற்கும் சேதமில்லை என்றால் ஜேசிபியே போதும். மூன்றடி கேட், வீட்டுப் பக்கத்துச் சந்து, சுற்றுச்சுவரை ஒட்டிய மூலை போன்ற இடங்களுக்குத்தான் கிரைண்டர். வேரைப் பிடுங்கும்போது சுற்றியுள்ள மண்ணும் சேர்ந்து பெயரும், அஸ்திவாரம் பக்கத்தில் இருந்தால் அது ஆட்டம் காணும். கிரைண்டரில் அந்தப் பயம் இல்லை.

ஆனால் கிரைண்டர் கட்டையை மட்டும்தான் தூளாக்கும். பக்க வேர்கள் மண்ணுக்குள்ளேயே கிடந்து மெல்ல மட்கும். வேர் மட்கிய இடத்தில் வெற்றிடம் உண்டாகி மண் அமுங்கும். அதே இடத்தில் சுவரோ தூணோ எழுப்பும் திட்டம் இருந்தால், அரைத்தால் மட்டும் போதாது. பெரிய வேர்களையும் தோண்டி எடுத்தாக வேண்டும்.

மர வகையையும் பாருங்கள். முருங்கை, பப்பாளி, வாழைக்கு மெஷின் வேண்டாம், கடப்பாரையும் மண்வெட்டியுமே போதும். வேம்பு, பூவரசு, வாகை, குல்மொஹர் கட்டைகளுக்கு இந்த மெஷின் நன்றாகப் பொருந்தும். புளியும் சீமைக்கருவேலமும் முடியும், நேரம்தான் கூடும். தென்னை தனி வகை, அதைப் பிறகு சொல்கிறேன். சந்தன மரத்தின் கட்டை என்றால் மெஷினை எடுக்கவே எடுக்காதீர்கள். அதன் எண்ணெய் அடிக்கட்டையிலும் வேரிலும்தான் அதிகம், வனத்துறையின் விதிகளும் உண்டு. முதலில் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கட்டையை அளக்கும்போது மேல்முகத்தை அளக்காதீர்கள். வேர்கள் பிரியும் இடத்தில், தரையை ஒட்டி அளக்க வேண்டும். மேலே ஒன்றரை அடி இருக்கும் வேம்பு, தரையில் இரண்டரை அடி இருக்கலாம். நேரக் கணக்கு தப்புவதற்கு இதுவே முதல் காரணம்.

முடிந்தால் மரத்தை வெட்டிய சூட்டிலேயே அரைத்துவிடுங்கள். ஈரமுள்ள பச்சைக் கட்டை இளக்கமாக வெட்டுப்படும். ஒரு கோடை காய்ந்த புளியங்கட்டையோ பற்களைத் தின்றுவிடும்.

2. எவ்வளவு ஆழம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

ஆழம் என்பது அந்த இடத்தில் அடுத்து என்ன வரப்போகிறது என்பதைப் பொறுத்தது. புல்லோ பூச்செடியோ வைக்க 10 முதல் 15 சென்டிமீட்டர் போதும். மேலே பேவர் கல் பதிப்பதானால் 30 சென்டிமீட்டர் வரை போங்கள். இன்னொரு மரம் வைக்கும் எண்ணம் என்றால், பழைய குழியிலேயே வைக்காமல் ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். பழைய வேர்கள் புதுச் செடியின் வேரை ஓடவிடாது.

துளிர்க்கும் மரங்களுக்குக் கணக்கு வேறு. சீமைக்கருவேலம் தரைக்குச் சற்றுக் கீழே, தண்டும் வேரும் சேரும் பகுதியிலிருந்துதான் மறுபடி கிளம்பும். தரைமட்டத்தோடு நிறுத்தினால் அடுத்த மழைக்குப் புதர் தயார். அந்தச் சேரும் பகுதி முழுவதும் தூளாகும் வரை, ஏறக்குறைய ஓர் அடி ஆழம், விடக்கூடாது.

உங்கள் மெஷின் தரைக்குக் கீழே எவ்வளவு இறங்கும் என்பதை அதன் கையேட்டில் பாருங்கள். சிறிய மெஷின்கள் பலவும் 20 முதல் 30 சென்டிமீட்டரோடு நின்றுவிடும்.

3. தரைக்கு அடியில் என்ன ஓடுகிறது?

இதை ஒருபோதும் தவிர்க்காதீர்கள். மரத்தின் வேர் ஈரத்தைத் தேடிப் போகும். கசியும் குழாயைச் சுற்றியும், செப்டிக் டேங்க் ஓரத்திலும்தான் மரம் செழித்து நிற்கும். கட்டை இருக்கும் இடத்தில் குழாயும் இருக்க வாய்ப்பு அதிகம்.

வரைபடம் கையில் இல்லாத வீடுகளில் இப்படிக் கண்டுபிடிக்கலாம். சம்ப், மோட்டார், மேல்நிலைத் தொட்டிக்கு ஏறும் குழாய், இவற்றுக்கிடையே மனதில் கோடு போடுங்கள். கழிவறையிலிருந்து சேம்பர் வழியாக செப்டிக் டேங்க் வரை இன்னொரு கோடு. போர்வெல்லில் இருந்து வீட்டுக்கு வரும் குழாயும் மின்வயரும் மூன்றாவது. இந்தக் கோடுகளில் ஏதாவது கட்டைக்கு ஒரு மீட்டர் பக்கத்தில் போனால், அந்தப் பக்கம் கையால் தோண்டிப் பாருங்கள். மண்வெட்டியால் மெல்லச் சுரண்டுங்கள், கடப்பாரையால் குத்தாதீர்கள். கடப்பாரையே குழாயை உடைத்துவிடும்.

போர்வெல் வயர்தான் பெரிய ஆபத்து. பல வீடுகளில் அது ஒரு சாண் ஆழத்தில், மேலே செங்கல்கூட வைக்காமல் புதைக்கப்பட்டிருக்கும். சந்தேகம் இருந்தால் வேலை முடியும் வரை மெயினை அணைத்து வையுங்கள்.

எர்த் பிட்டை, அதாவது வீட்டு மின் இணைப்பை மண்ணோடு சேர்க்கும் குழியை, பலரும் மறந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலோ சுற்றுச்சுவர் ஓரமாகவோ அது இருக்கும். அதன் கம்பியோ பட்டையோ அறுந்தாலும் விளக்கு எரியும், ஃபேன் ஓடும். வீட்டுக்குப் பாதுகாப்பு போய்விட்டது என்பது வெளியே தெரியவே தெரியாது. அதனால் இதை முதலிலேயே தேடிக் குறித்துவிடுங்கள்.

தெருவை ஒட்டிய கட்டை என்றால் மின்வாரியத்தின் புதைவடம், குடிநீர்க் குழாய், இணையக் கேபிள் மூன்றையும் விசாரித்த பிறகே தொடங்க வேண்டும். சாலையோர மரம் பொதுச்சொத்து. அதன் கட்டையை அனுமதி இல்லாமல் தொடக்கூடாது.

கண்டுபிடித்த ஒவ்வொரு பாதையையும் சுண்ணாம்புத் தூள் கொண்டு தரையில் கோடாகப் போடுங்கள். மெஷின் ஓடும்போது சிராய் (சீவி வரும் மரத்துண்டுகள்) குவிந்து எல்லா அடையாளமும் மறைந்துவிடும் என்பதால், கோட்டைக் கட்டையிலிருந்து இரண்டு மீட்டர் வெளியே வரை நீட்டி விடுங்கள்.

4. கட்டையைத் தாழ அறுத்து, கல்லையும் இரும்பையும் எடுங்கள்

கிரைண்டரை நகர்த்தும் முன்னால் கட்டையை செயின் சா கொண்டு தரையிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு அறுத்துவிட வேண்டும். ஒன்றரை அடி உயரக் கட்டையை முழுதாக அரைத்தே தீர்ப்பேன் என்று நின்றால் பெட்ரோலும் பற்களும்தான் வீண். தரையோடு தரையாகவும் அறுக்காதீர்கள். மண் பட்ட செயின் நொடியில் மழுங்கிவிடும். செயின் சா பழக்கமில்லை என்றால், மரத்தை வெட்ட வந்தவரிடமே சொல்லித் தாழ அறுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அறுத்ததும் மேல்முகத்தைக் கவனமாகப் பாருங்கள். மரத்துக்குள் பழைய ஆணியோ கம்பியோ புதைந்திருந்தால், அதைச் சுற்றி நீலமும் கறுப்பும் கலந்த கறை ஓடியிருக்கும். மரத்தில் இருக்கும் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் கறை அது. இந்தக் கறை தெரிந்தால் உளியால் கொத்தி இரும்பை வெளியே எடுக்காமல் மெஷினை வைக்காதீர்கள். கறை இல்லை என்பதாலேயே இரும்பு இல்லை என்றும் நம்பிவிட வேண்டாம். கொடிக்கயிறு கட்டிய கொக்கி, தொட்டில் ஆணி, வேலிக்கு இழுத்த முள்கம்பி எல்லாம் மரம் பருக்கும்போது உள்ளே போய்விடும். வேலியோரப் பூவரசு, கிளுவைக் கட்டைகளில் முள்கம்பி இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு தேடுங்கள். கையடக்க மெட்டல் டிடெக்டர் கிடைத்தால் ஒரு முறை சுற்றி ஓட்டிப் பாருங்கள்.

அடுத்து மண். கட்டையைச் சுற்றி ஓர் அடி அகலத்துக்கு, நாலைந்து அங்குல ஆழத்துக்கு மண்ணைக் கொத்தி விலக்குங்கள். வேர்களுக்கு நடுவே கூழாங்கல், செங்கல் துண்டு, பழைய சிமெண்ட் கட்டி எல்லாம் சிக்கியிருக்கும். கார்பைடு மிகக் கடினமானது, ஆனால் அடி தாங்காது. ஒரு கருங்கல் ஜல்லி பட்டாலே பல்லின் முனை பெயர்ந்துவிடும். அந்தக் கல்லும் தோட்டா மாதிரி வெளியே பாயும்.

முதல் நாள் மாலையே ஹோஸ் பைப்பால் கட்டையை நன்றாகக் கழுவி விடுங்கள். பட்டையின் இடுக்குகளில் இருக்கும் மணல் பற்களை உப்புத்தாள் போல் தேய்த்துவிடும். கழுவினால் அந்த மணல் போய்விடும், மறுநாள் தூசியும் குறையும். காலையில் கழுவினால் தரை சேறாகிக் கால் வழுக்கும். அதனால்தான் முதல் நாளே செய்யச் சொல்கிறேன்.

இந்தப் பகுதிக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். அரைப்பதற்கே அவ்வளவு நேரம் ஆகாமல் போகலாம். பரவாயில்லை.

5. உடை, தடுப்பு, வேடிக்கை பார்ப்பவர்கள்

லுங்கி, வேட்டி, தோளில் துண்டு, துப்பட்டா எதுவும் கூடாது. சுழலும் சக்கரம் துணியை இழுத்தால் ஆளையும் சேர்த்து இழுக்கும். இறுக்கமான பேண்ட், முழுக்கைச் சட்டை, கனமான ஷூ. செருப்போடு இந்த மெஷினைத் தொடவே கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி, அதற்கு மேல் முகத்தை மூடும் ஷீல்டு, காதுக்கு இயர் மஃப். கண்ணாடி மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. சிராய் கன்னத்திலும் உதட்டிலும் தெறிக்கும்போதுதான் ஷீல்டின் அருமை தெரியும்.

மெஷின் சத்தம் கேட்டால் தெருவே கூடிவிடும், குறிப்பாகக் குழந்தைகள். 15 மீட்டருக்குள் யாரும் வரக்கூடாது என்பதை முதலிலேயே சொல்லி, கயிறு கட்டிவிடுங்கள். அதைக் கவனிக்க மட்டுமே ஓர் ஆளை நிறுத்துங்கள். ஓட்டுபவருக்குக் காதும் கேட்காது, பக்கவாட்டில் யார் வருகிறார்கள் என்பதும் தெரியாது. நிறுத்து என்பதற்கு இருவரும் ஒரு கைசைகையைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜன்னல், கார், பக்கத்து வீட்டுச் சுவர் இருக்கும் பக்கம் பழைய பிளைவுட் பலகைகளைச் சாய்த்து நிறுத்துங்கள். தார்ப்பாய் தூசியைத் தடுக்கும், கல்லைத் தடுக்காது.

6. ஸ்டார்ட் செய்யும் முன்

புது மெஷின்கள் பெரும்பாலும் என்ஜின் ஆயில் இல்லாமல்தான் வரும். பெட்டியைப் பிரித்த ஆர்வத்தில் பெட்ரோலை மட்டும் ஊற்றி இழுத்தால் என்ஜின் முதல் நாளே சீஸ் ஆகிவிடும். கையேட்டில் சொன்ன ஆயிலை, மெஷினைச் சமதளத்தில் நிறுத்தி, சொன்ன அளவுக்கு ஊற்றுங்கள்.

ஆயில் குறைந்தால் தானாக அணையும் சென்சார் பல என்ஜின்களில் உண்டு. சரிவில் மெஷினை நிறுத்தினால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, இந்த சென்சார் என்ஜினை அணைத்துவிடும். என்ஜின் பழுது என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன், மெஷின் சாய்வாக நிற்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் பற்கள். ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றி வைத்த பிறகே சக்கரத்தில் கை வைக்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. ஒவ்வொரு பல்லின் போல்டையும் ஸ்பேனர் வைத்துச் சரிபாருங்கள், முனை பெயர்ந்த பல்லை மாற்றுங்கள். எதிரெதிரே உள்ள பற்களில் ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது என்று இருந்தால் சக்கரம் அதிரும். அந்த அதிர்வு பேரிங்கையும் உங்கள் மணிக்கட்டையும் சேர்த்தே கெடுக்கும்.

பெல்ட் தளர்ந்திருக்கிறதா, ரப்பர் திரை கிழிந்திருக்கிறதா, காற்று வடிகட்டி அடைத்திருக்கிறதா என்று ஒரு பார்வை. கைப்பிடியை விட்டதும் சக்கரத்தை நிறுத்தும் லீவர் கட்டாயம் வேலை செய்ய வேண்டும். கை வலிக்கிறது என்று அந்த லீவரைக் கட்டுக்கம்பியால் கட்டி வைக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மெஷின் துள்ளும்போது உங்களைக் காப்பாற்றுவது அது ஒன்றுதான்.

7. முதல் வெட்டு

சக்கரம் எதையும் தொடாத நிலையில் என்ஜினை ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிடம் சூடாக விடுங்கள். பிறகு ஆக்சிலரேட்டரை முழுவதும் ஏற்றுங்கள். அரை வேகத்தில் ஓட்டினால் பெட்ரோல் மிச்சமாகும் என்று நினைப்பது தவறு. பல சிறிய மெஷின்களில் வேகம் ஏறினால்தான் கிளட்ச் முழுதாகப் பிடிக்கும். குறைந்த வேகத்தில் மரத்தில் வைத்தால் கிளட்ச் வழுக்கிச் சூடேறிக் கருகும்.

எங்கிருந்து தொடங்குவது? உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் விளிம்பிலிருந்து. நடுவில் இறக்கவே இறக்காதீர்கள். நடுவில் இறக்கினால் சிராய் வெளியேற வழியிருக்காது, சக்கரத்தின் இரண்டு பக்கமும் மரத்தில் உரசி மாட்டிக்கொள்ளும். விளிம்பில் தொடங்கினால் ஒரு பக்கம் எப்போதும் திறந்திருக்கும்.

சக்கரத்தை விளிம்புக்கு மேலே, மரத்தைத் தொடாமல் நிறுத்துங்கள். மெல்ல இறக்கி 1 முதல் 2 சென்டிமீட்டர் மட்டும் மரத்துக்குள் போகவிடுங்கள். புளி, கருவேலம் என்றால் 1 சென்டிமீட்டரே அதிகம். இப்போது கைப்பிடியைப் பக்கவாட்டில் நகர்த்தி, கட்டையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை ஓர் இழுப்பு. மாடலைப் பொறுத்து ஒரு பக்க டயரைப் பூட்டிவிட்டு, அதையே மையமாக வைத்து மெஷினைச் சுழற்ற வேண்டியிருக்கும். அந்தப் பூட்டு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் மெஷின் முழுவதையும் தோளால் தள்ள வேண்டிவரும், பத்தே நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும்.

ஒவ்வோர் இழுப்பின் முடிவிலும் சக்கரம் மரத்தைவிட்டு வெளியே வர வேண்டும். வெளியே வந்த பிறகுதான் அடுத்த 1 சென்டிமீட்டர் இறக்க வேண்டும். மரத்துக்குள் இருக்கும்போதே இறக்கினால் நிறையப் பற்கள் ஒரே நேரத்தில் கடிக்கும். அப்போது என்ஜின் திணறும், கைப்பிடி கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு துள்ளும். புதியவர்கள் பயந்துபோவது இந்த இடத்தில்தான். அவசரத்தில்தான் இந்தத் துள்ளல் வரும்.

எந்த நேரத்திலும் வெட்டும் சக்கரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மரத்துக்குள் இருக்கக் கூடாது. என்ஜினின் சத்தத்தை வைத்தே இதைத் தெரிந்துகொள்ளலாம். சத்தம் ஒரே சீராக இருந்தால் வேகம் சரி. இறங்கி முனகத் தொடங்கினால் உடனே கொஞ்சம் தூக்கிவிட்டு, வேகம் மீண்டதும் மறுபடி வையுங்கள்.

நிற்கும் இடமும் முக்கியம். கைப்பிடிக்குப் பின்னால், கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து நில்லுங்கள். சிராய் எந்தப் பக்கம் பாய்கிறது என்பதை முதல் இழுப்பிலேயே கவனியுங்கள். பல மாடல்களில் அது மெஷினுக்கு அடியில், உங்கள் கால் பக்கமாகத்தான் வரும். அதற்காகவே ரப்பர் திரை. திரை கிழிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது இதனால்தான்.

8. முன்னேறுவதும் சிராயை விலக்குவதும்

முதல் விளிம்பைத் தேவையான ஆழம் வரை கொண்டுபோன பிறகு, மெஷினைச் சில சென்டிமீட்டர் முன்னால் தள்ளி, மறுபடி மேலிருந்து சீவிக்கொண்டே இறங்குங்கள். முழுப் பரப்பையும் ஒரு சுற்று மேலாகச் சீவிவிட்டுப் பிறகு அடுத்த சுற்று இறங்கலாமே என்று சிலர் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் சிராய் கட்டையின் மேலேயே குவிந்து, நீங்கள் சிராயையே மறுபடி அரைத்துக்கொண்டிருப்பீர்கள். விளிம்பை முதலில் ஆழமாக்கினால் சிராய் விழுவதற்குக் குழி கிடைக்கும்.

பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்ஜினை அணைத்து, சக்கரம் முழுவதும் நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகு சிராயை வாரி விலக்குங்கள். அணைத்த பிறகும் சக்கரம் சில நொடிகள் சுழன்றுகொண்டே இருக்கும். சிராயை விலக்கினால்தான் மரம் எங்கே முடிகிறது, மண் எங்கே தொடங்குகிறது என்று தெரியும். தெரியாமல் மண்ணை அரைப்பதுதான் பற்கள் மழுங்க முதல் காரணம்.

மண்ணில் பட்டுவிட்டதா என்பதற்கு அடையாளம் உண்டு. மரச் சிராய் வெளிர் நிறத்தில் துண்டு துண்டாக வரும். மண் என்றால் கறுத்த தூசி எழும்பும், சத்தம் கரகரப்பாகும். உடனே தூக்கிவிடுங்கள். அங்கே மரம் இல்லை.

நடுக்கட்டை முடிந்ததும் பக்கவேர்கள். தரைக்கு மேலே தெரியும் வேர்களை அதன் நீளவாக்கில் பின்தொடர்ந்து அரைக்க வேண்டாம், மெஷின் அதன் மேல் ஏறி நழுவும். வேருக்குக் குறுக்காக மெஷினை வைத்து, இரண்டு பக்கமும் மண்ணை விலக்கி, சிறு சிறு இழுப்பாக வெட்டுங்கள். மணிக்கட்டு அளவுக்கு மெலிந்த வேர்களைக் கோடாலியால் வெட்டி எடுப்பது இதைவிட வேகம்.

என்ஜினும் கையும் சூடேறியிருக்கும் நேரத்தில் பெட்ரோல் தீர்ந்தால், பத்து நிமிடம் ஆறவிட்டுத்தான் டேங்கைத் திறக்க வேண்டும். சூடான சைலன்சர் மேல் நான்கு சொட்டு சிந்தினால் போதும், தீப்பிடிக்க.

9. தென்னை அடிக்கு மட்டும்

தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. குடம் போல் பருத்த தூரிலிருந்து விரல் பருமனில் ஆயிரக்கணக்கான வேர்கள் கிளம்பும். மரமும் மற்ற மரங்கள் போல் சிராயாக வராது, நாராக உரியும். இந்த நார் சக்கரத்துக்கும் பேரிங்குக்கும் நடுவே சுற்றிக்கொண்டு இறுகி, பேரிங்கின் சீலைக் கிழித்துவிடும்.

அதனால் இரண்டு மாற்றங்கள். கூர்மையான பற்களோடு மட்டுமே தென்னையில் இறங்குங்கள். மழுங்கிய பல் நாரை வெட்டாமல் பிய்க்கும். அப்புறம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்ஜினை அணைத்து, பிளக் வயரைக் கழற்றி, சுற்றியிருக்கும் நாரைக் கத்தியால் அறுத்து எடுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் பிறகு பேரிங்கையே மாற்ற வேண்டிவரும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. தென்னையின் குருத்து போய்விட்டால் அடியிலிருந்து துளிர்க்காது. ஆகவே மறுபடி முளைக்குமோ என்ற பயத்தில் ஆழமாகப் போக வேண்டியதில்லை. மேலே என்ன வரப்போகிறதோ அதற்கான ஆழம் போதும்.

அந்தத் தென்னை எதனால் போனது என்பதை மட்டும் கட்டாயம் யோசியுங்கள். அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடிந்து, அடிமட்டைகள் தொங்கிக் காய்ந்த மரம் என்றால் அது தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம். கானோடெர்மா என்ற பூஞ்சை மண்ணிலும் பழைய வேரிலும் தங்கிப் பக்கத்து மரங்களுக்குப் போகும் நோய் அது. அப்படிப்பட்ட தூரை அரைத்துத் தோப்பில் பரப்பினால் நோயை நம் கையாலேயே விதைக்கிறோம். சிராயையும் வேர்த்துண்டுகளையும் வாரி, காயவைத்து, எரித்துவிட வேண்டும். பற்களையும் சக்கரத்தையும் கழுவாமல் அடுத்த தோப்புக்குப் போகக் கூடாது.

நோயில்லாத மரமாக இருந்தாலும், தென்னந்தோப்புக்குள் சிராயைக் குவித்து வைக்காதீர்கள். மட்கும் தென்னைத் தூரும் குப்பைமேடும் காண்டாமிருக வண்டு முட்டையிடும் இடங்கள்.

10. மெஷின் சொல்லும் அறிகுறிகள்

திடீரென்று உலோகச் சத்தமோ தீப்பொறியோ வந்தால் இரும்பு அல்லது கல். உடனே அணைத்துவிட்டுத் தேடுங்கள், கொஞ்சம் அரைத்துப் பார்க்கலாம் என்று தொடராதீர்கள்.

ரப்பர் கருகும் வாடை வந்தால் பெல்ட் அல்லது கிளட்ச் வழுக்குகிறது. ஆழமாக வெட்டுகிறீர்கள், அல்லது ஆக்சிலரேட்டர் முழுதாக ஏறவில்லை.

முதலில் இல்லாத அதிர்வு பாதியில் வந்தால், ஒரு பல் உடைந்திருக்கிறது அல்லது போல்டு தளர்ந்திருக்கிறது. ஒரு போல்டு கழன்று பல்லோடு பறந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் சிராய்க்குப் பதிலாக மாவு போன்ற தூள்தான் வருகிறதா? பற்கள் மழுங்கிவிட்டன. அழுத்தினால் சரியாகாது.

11. குழியும் சிராயும்

ஒரு கட்டையிலிருந்து வரும் சிராயைப் பார்த்தால் இத்தனையா என்று தோன்றும். அதை அப்படியே குழியில் தள்ளி மூடிவிடத் தோன்றும். வீட்டை ஒட்டிய குழியில் அதைச் செய்யவே கூடாது. ஈர மண்ணுக்குள் புதைந்த மரத்தூள் கறையானுக்கு விருந்து. அங்கிருந்து கதவு நிலைக்கு வர அதற்கு அதிக நாள் ஆகாது.

வீட்டுக்குத் தள்ளியுள்ள குழியில்கூட, சிராயை வாரி எடுத்துவிட்டு மண்ணால் நிரப்புவதே நல்லது. சிராய் மட்கும்போது குழி அமுங்கும். மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையும் எடுத்துக்கொள்வதால் அங்கே வைக்கும் செடி மஞ்சளாக நிற்கும். மண்ணை ஒரு சாண் அளவுக்குப் போட்டு, மிதித்து, தண்ணீர் விட்டு, அடுத்த சாண் என்று அடுக்காக நிரப்புங்கள். மேலே இரண்டு மூன்று அங்குலம் மேடாகவே விடுங்கள், ஒரு மழைக்கு அது சமமாகும்.

எடுத்த சிராயை வீணாக்க வேண்டாம். நோயில்லாத மரம் என்றால் மற்ற மரங்களின் அடியில், தண்டைத் தொடாமல், மூடாக்காகப் போடலாம். மேலாகக் கிடக்கும் வரை தழைச்சத்துப் பிரச்சினை பெரிதாக வராது, மண்ணோடு கலந்தால்தான் வரும்.

12. வேலை முடிந்த அன்றே செய்ய வேண்டியவை

பிளக் வயரைக் கழற்றிவிட்டு சக்கரத்தில் ஒட்டியிருக்கும் பிசினையும் நாரையும் சுத்தம் செய்யுங்கள். வேப்பம்பிசின் காய்ந்துவிட்டால் உளி வைத்துத்தான் பெயர்க்க வேண்டும். காற்று வடிகட்டியைத் தட்டி எடுங்கள். ஒரு கட்டை அரைத்த தூசியே அதை அடைக்கப் போதும்.

மழுங்கிய பற்களைத் தீட்டும்போது வீட்டில் கத்தி தீட்டும் சாதாரணக் கல் உதவாது, கார்பைடை அது வெட்டாது. பட்டறையில் பச்சை நிறத்தில் இருக்கும் சிலிக்கான் கார்பைடு சக்கரமோ வைரச் சக்கரமோ வேண்டும். திருப்பிப் போடக்கூடிய பற்கள் என்றால், மழுங்கிய முனையைத் திருப்பி அடுத்த முனையைப் பயன்படுத்திய பிறகு தீட்டக் கொடுங்கள்.

டாடா ஏஸ் போன்ற வண்டியில் ஏற்றும் முன் பெட்ரோல் குழாயை மூடுங்கள். வண்டியின் குலுக்கலில் பெட்ரோல் கார்புரேட்டர் வழியாக என்ஜினுக்குள் இறங்கி ஆயிலோடு கலந்துவிடும். மெஷினைச் சாய்த்துப் படுக்க வைக்காமல், நிமிர்ந்த நிலையிலேயே கயிறு போட்டுக் கட்டுங்கள்.

மறுபடி எப்போது எடுப்பீர்கள் என்பதையும் யோசியுங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது காற்றின் ஈரத்தை இழுக்கும். ஒரு மாதத்துக்கு மேல் மெஷின் சும்மா நிற்கும் என்றால் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் மிச்சமிருப்பதும் தீர்ந்து என்ஜின் தானாக அணையும் வரை ஓட்டி, அப்புறம் மூடி வையுங்கள்.